மெட்ராஸிலிருந்து பன்னிரண்டு ஆள்

கொள்ளிடத்தில் கயாக் ஓட்டப் போகலாம் என்று நான் சொன்னபோது, சென்னை அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது, “அரியலூர்ல ஆறு இருக்கா?” என்று. அதையே ஊரில் சொன்னபோது எல்லோரும் கேட்டது, “எதுக்கு?” என்று. முதல் கேள்விக்கு என்னிடம் வரைபடம் இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவின் விலை சனிக்கிழமை மாலைதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் குழு வருடத்துக்கு ஒருமுறை வெளியூர் போகும். வெளியூர் என்றால் புதுச்சேரி. இந்த முறை யாரோ கயாக் என்றார்கள், யாரோ பிச்சாவரம் என்றார்கள், நான் கை தூக்கி “எங்க ஊர் ஆறு” என்றேன். எங்கள் மாவட்டத்தை சிமெண்டு லாரிகளின் புழுதியாகவே அறிந்தவர்கள் அவர்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள்கூட ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, சாப்பிடக் கும்பகோணம் போய்விடுகிறார்கள். ஒரு வேளைச் சோறாவது இங்கே தின்றுவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம். எட்டுக்கு ஐந்து என்ற வாக்கில் கொள்ளிடம் வென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையைத் தூக்கினால் விடையும் சரியாக இருக்க வேண்டும் என்று பழகியவள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்குவதற்கு மூன்று நாள் முன்பே விடுப்புப் போட்டுவிட்டு ஏற்பாடுகளுக்குக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை பெரம்பலூரில் இறங்கினேன். கயாக் அங்கேதான் இருந்தது. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவரான சுரேந்தர், காற்றடிக்கும் ரப்பர் கயாக் இரண்டை ஏதோ ஒரு வேகத்தில் வாங்கிவிட்டு, அதை விடுவதற்குப் பக்கத்தில் தண்ணீர் இல்லை என்பதைப் பிறகு கவனித்தவர். ஒருமுறை தன் வயல் கிணற்றில் விட்டுப் பார்த்தாராம். கிணற்றில் கயாக் சுற்றும், போகாது. அன்றோடு அவற்றைச் சுருட்டி, சின்ன வெங்காயம் அடுக்கும் பட்டறையில் வெங்காயத்தோடு வெங்காயமாகப் போட்டுவிட்டார்.

சுரேந்தரின் அம்மா எனக்குத் தோசையும், நாக்கைச் சுரீரென்று பிடிக்கிற வெங்காயச் சட்னியும் போட்டுவிட்டுக் கேட்டார்:

“படகு எடுத்துட்டுப் போறியாமே, எதுக்கும்மா?”

“ஆபீஸ் விஷயங்க.”

இது அருமையான பதில் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆபீஸ் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. தலையாட்டிவிட்டு இன்னொரு தோசை போடுவார்கள்.

அரியலூர் பஸ்ஸில் என் இரண்டு மூட்டைகளையும் கண்டக்டர் மோந்து பார்த்தார்.

“வெங்காயமா?”

“படகுங்க.”

“படகுல வெங்காயமா?”

“வெறும் படகுதாங்க. அரியலூர் ரெண்டு லக்கேஜ், ஒரு ஆள்.”

அவர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணே, அரியலூர்ல தண்ணி வந்துருச்சாம். அக்கா படகோட போவுது. நாம பாத்துப் போவம்.” பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்று படித்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைக்கின்றன. படகோடு வந்தது தவறில்லை. கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அரியலூரில் பஸ் மாறி, உடையார்பாளையத்து முந்திரித் தோப்புகளை எல்லாம் தூங்கிக் கடந்து ஜெயங்கொண்டத்தில் இறங்கியபோது, மூட்டை இரண்டும் என்னோடு இறங்கின, துடுப்புகள் நான்கும் இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில் செருகிவைத்ததை மறந்துவிட்டேன். தா.பழூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: “அரியலூர் வண்டியில் துடுப்பை விட்டுட்டு வந்த அம்மா நேரக்காப்பாளர் அறைக்கு வரவும்.” மூன்று முறை சொன்னார்கள். முதல் முறையிலேயே நான் அறைக்குள் போய் நின்றுவிட்டேன். மற்ற இரண்டு முறையும் அவர்களுடைய மகிழ்ச்சிக்காக.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நடவுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கால் விரல் இடுக்குகளில் மஞ்சளை அரைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். சேற்றுப்புண்ணுக்கு. மூட்டையைப் பிரித்து, ஒரு கயாக்குக்குக் காற்றடித்துக் காட்டினேன். வாசலை அடைத்துக்கொண்டு அது மஞ்சளாக உப்பி நின்றது.

“இதுல ஏறி எங்க போவீங்க?”

“எங்கயும் போவலம்மா. ஆத்துலயே மெதுவாப் போயிட்டு வர்றது.”

“அக்கரைக்குப் போவாதா?”

“போவலாம். ஆனா அதுக்கில்ல.”

அம்மா கொஞ்ச நேரம் கயாக்கைப் பார்த்தாள். “அக்கரைக்குப் போனாக் கூலி. இக்கரைக்கு வந்தா வூடு. நடு ஆத்துல என்னாடி இருக்கு?” என்றுவிட்டு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா அஞ்சலை ஒரு நடவு செட்டுக்குத் தலைவி. பதினோரு பெண்கள். எங்கள் ஊருக்கு நேர் எதிரே, ஆற்றுக்குத் தெற்கே, தஞ்சாவூர் மாவட்டத்து வயல்கள். விடிந்ததும் தூக்குவாளியோடு படகேறி அக்கரை போய், நட்டுவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். புரட்டாசி கடைசி வாரம் என்பதால் சம்பா நடவு முடியும் தறுவாய். கோவிந்தராஜ் என்பவரின் எட்டு மா வயல்தான், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல், பாக்கி. அந்த வயலை ஞாயிற்றுக்கிழமை நடச் சொல்லியிருந்தார். அதை விட்டால் அம்மாவின் செட்டுக்கு அறுவடை வரை வேலை கிடையாது.

“அந்த ஆளு போன வருசமே வடக்கத்தி ஆளுங்களக் கூட்டியாறேன்னு மெரட்டுனான்,” என்றாள் அம்மா, சாப்பிடும்போது. “மெட்ராஸ்ல வந்து எறங்கி, அங்கேர்ந்து வண்டி புடிச்சு வர்றாங்க. ஒரு செட்டுக்குப் பத்து, பன்னெண்டு பேரு. ஆம்பளையும் நடுறான். சோறும் அவுங்களே ஆக்கிக்கிறாங்க. அவுங்களச் சொல்லிக் குத்தமில்ல, அவுங்களும் வவுத்துக்குத்தான வர்றாங்க. இந்த வருசம் நமக்குத்தான்னு சொல்லிட்டான். நட்டு முடிச்சாத்தான் நெசம்.”

நான் மடிக்கணினியில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தயார் செய்துகொண்டே “ம்” கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை துறைக்குப் போனேன். அணைக்கரையில் ஷட்டர்களை இறக்கியிருந்ததால் எங்கள் பக்கத்துக் கொள்ளிடம் தளும்பாமல், நுரைக்காமல், போகிறதா நிற்கிறதா என்று தெரியாத அடக்கத்தோடு கிடந்தது. இவ்வளவு சாதுவான ஆற்றில் விழுவதற்குத் தனித் திறமை வேண்டும். நான் ஏறிய இரண்டாவது நிமிடம் விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். மறுபடி ஏறினேன். அது என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது.

படகோட்டி அன்பழகன் அண்ணன் கரையில் பீடி பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். “தங்கச்சி, நீ அத ஓட்டல. அதுதான் ஒன்ன ஓட்டுது” என்றார்.

பயிற்சிக் காணொளிகளில் சொன்னபடி முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து திரும்பித் துடுப்பு போட்டதும் கயாக் நேராகப் போனது. அக்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். அவர் பீடியை அணைத்தார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிரச்சினை, இரண்டு கயாக்கிலும் சேர்த்து நாலு பேர்தான் உட்காரலாம். பன்னிரண்டு பேருக்கும் போதுமான மிதவைச் சட்டைகளை அலுவலக வேனில் கொண்டு வருகிறார்கள். படகு கொண்டு வர முடியாது. மற்றவர்கள் அன்பழகன் அண்ணனின் படகில் கூடவே வர, இடம் மாற்றி மாற்றிக் கயாக் ஓட்டலாம் என்பது என் திட்டம். ஆற்றோடு இரண்டு மணி நேரம் இறங்கி, கீழ்த்துறையில் முடிப்பது.

“ஆத்தோடயா?” என்றார் அவர். “நான் குறுக்கதான் போவேன் தங்கச்சி. ஆத்துல எல்லாரும் குறுக்கதான் போவாங்க. நெடுக்க போறது தண்ணியோட வேல.”

அது தத்துவம் இல்லை, நடைமுறை. துறைக்குத் துறை எல்லை உண்டு. எங்கள் துறையைப் பயன்படுத்தும் ஊர்க்காரர்கள் அறுவடைக்கு அறுவடை அவருக்கு நெல் அளப்பார்கள். கீழே ஒரு இலந்தை மரம் நிற்கிறது, அதற்கப்பால் கீழ்த்துறைக்காரர் பாடு. கீழ்த்துறைப் படகோட்டி குமார், அன்பழகன் அண்ணனின் மனைவி மல்லிகா அக்காவுக்கு உடன்பிறந்த தம்பி. ஒரு காதுகுத்தில் மாலை போடவில்லை என்று மாமாவும் மச்சானும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது: இலந்தை மரம் வரை அன்பழகன். நடு ஆற்றில் இரண்டு படகும் விலாவோடு விலா ஒட்டி நிற்கும். ஆட்கள் படகு மாறுவார்கள். அங்கிருந்து குமார். மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

தகவலை மல்லிகா அக்கா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அலுவலகப் பழக்கத்தில் நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினேன். எண்ணிக்கை, நேரம், இடம், உணவு, பொறுப்பாளர், கைபேசி எண். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பதில் எனக்குப் பெருமை. மல்லிகா அக்காவும் ஒன்றையும் விடவில்லை.

“டேய் குமாரு, ஞாயித்துக்கெழம காலைல மெட்ராஸ்லேர்ந்து பன்னெண்டு ஆளு வருது. ஆம்பள பொம்பள கலந்துதான். தமிழு எல்லாருக்கும் தெரியாதாம். சோறு அவுங்களே கொண்டாந்துடுவாங்க. எலந்தமரத்துக்கிட்ட ஏத்திக்கிட்டு ஒன் தொறயில எறக்கி வுட்டுரு. பொறுப்புக்கு நம்மூரு பொண்ணு ஒருத்தி, நம்பரு அனுப்புறேன்... எதுக்கா? ஆபீஸ் விசயமாம்டா.”

எவ்வளவு சுருக்கமாக, எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார் என்று வியந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்திருக்க வேண்டிய வேன், இரண்டு மணிக்கு வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்க மொத்த மாவட்டமும் அரியலூர் சாலையில் நடந்துகொண்டிருந்ததாம். எங்கள் மேலாளர் ஸ்ரீவித்யா மேடம் ஹைதராபாத்காரர். கால்மேல் கால் போட்டு மூன்று மணி நேரம் நெரிசலைப் பார்த்ததில் களைத்திருந்தார். ரோஷன் என்ற சக ஊழியன் மட்டும் உற்சாகமாக, “உங்க ஊர்ல டிராஃபிக் இருக்கே!” என்றான். அதைப் புகழ்ச்சியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஜெயங்கொண்டத்தில் இலைச் சாப்பாடு. பாதிப் பேர் மீன் குழம்பு கேட்டார்கள். பரிமாறியவர் அவர்களைச் சிறு பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, “சனிக்கெழமைங்க, அதும் பொரட்டாசி” என்றுவிட்டுக் கத்திரிக்காய் வைத்தார். ஸ்ரீவித்யா மேடம் இரண்டாம் முறை ரசம் கேட்டார். மூன்றாம் முறை டம்ளரில் வாங்கிக் குடித்தார். என் திட்டத்தின் முதல் பகுதி வெற்றி: பன்னிரண்டு பேரும் எங்கள் மாவட்டத்தில் சாப்பிட்டுவிட்டார்கள். மாலை கோயிலைக் காட்டி, விடுதியில் விட்டுவிட்டு, வெற்றியாளருக்குரிய நடையோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தெருக் குழாயடியில் அம்மாவின் செட்டில் பாதிப் பேர் இருந்தார்கள். தண்ணீர் பிடிக்கவில்லை. குடங்கள் காலியாக இருந்தன.

“என்னம்மா?”

“நாளைக்கி வேல இல்லயாம்.” அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள். “கோவிந்தராஜ் போன் பண்ணுனான். வேற செட்டு வருதாம். இவ்வளவு நாளு காக்க வச்சுட்டு, நாளைக்கு நடவுன்னா இன்னைக்குச் சொல்றான்.”

“எந்தூரு செட்டு?”

செல்வி அக்கா சொன்னார். அம்மாவுக்கு அடுத்தபடி செட்டில் வேகமாக நடுகிறவர் அவர். “மெட்ராஸ்லேர்ந்து பன்னெண்டு பேரு வருதாம். ஆம்பள பொம்பள கலந்து. சோறும் கையோட கொண்டாராங்களாம். கீழ்த்தொற குமாருதான் அந்த ஆளுக்குத் துப்பு சொல்லிருக்கான். எறங்குன ஒடனே தன் வயலுக்கே மடக்கிக்கலாம்னு நெனச்சுட்டான் போல.”

என் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் செல்வி அக்காவின் வாயிலிருந்து சரியான வரிசையில் வந்துகொண்டிருந்தது. குமாரின் துறைக்கு நேர் எதிரே கோவிந்தராஜின் வயல். நடவு முடியும் வாரத்தில் மெட்ராஸிலிருந்து பன்னிரண்டு பேர், தமிழ் தெரியாதவர்கள், சோற்றோடு, காலை ஏழு மணிக்குப் படகேறி வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதிய நான் எதற்கு என்பதை மட்டும் எழுதவில்லை.

“அம்மா,” என்றேன். “அது எங்க ஆபீஸ் ஆளுங்க.”

“எவங்க?”

“அந்தப் பன்னெண்டு பேரு. நடவுக்கு இல்ல. ஆத்தப் பாக்க வந்தவங்க.”

முதலில் சிரித்தது செல்வி அக்காதான். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அடிப்பாவி! கஞ்சியக் கவுத்து வுட்டவ நீதானா?” என்றார். யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு பேரில் அறுவடை வரைக்கும் இந்த எட்டு மாவை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

கைபேசியை எடுத்தேன். “குமார் அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி இப்பவே அவருகிட்ட சொல்லிடுறேன்.”

“வையி போனை,” என்றாள் அம்மா.

“ஏன்?”

“மணி என்னா?”

“ஏழாவப் போவுது.”

“நாத்து எப்பப் பறிப்பாங்க?”

எனக்குத் தெரியாது. பொறியியலில் அது வரவில்லை.

“விடியக்காலம் மூணு மணிக்கு எறங்குவாங்க. இப்ப நீ சொன்னீன்னா பறிக்காம நிறுத்திப்புடுவான். நாலு நாளு ஆற வுட்டு நெசமாவே வேற செட்டுக்குச் சொல்லி வுடுவான். பறிச்சுக் கட்டிப்புட்டா நாத்து நாளைக் கடத்தாதுடி. அவனா ஒனக்குப் போன் பண்ணுவான். அப்பச் சொல்லு.”

“அது ஏமாத்துறது இல்லையா?”

“அவன்கிட்ட நீ ஏதாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“நான் சொன்னனா?”

“இல்ல.”

“பொறவென்னா? கொடத்த நகத்து, தண்ணி வருது பாரு.”

பேரம் பேசும் கலை என்று அலுவலகத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழை வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள் அம்மா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை துறையில் இரண்டு குழுக்கள் நின்றன. ஒரு பக்கம் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர், வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டு. இன்னொரு பக்கம் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்ட பதினோரு பேர், தூக்குவாளியோடு. இரு தரப்பும் மற்றவரின் உடையை அக்கறையோடு பார்த்தார்கள்.

“வேலைதான் இல்லன்னீங்களே, ஏன் அஞ்சலைக்கா வந்து நிக்கிறீங்க?” என்று கேட்டார் அன்பழகன் அண்ணன்.

“காத்து வாங்க,” என்றாள் அம்மா.

ஏழு இருபதுக்கு என் கைபேசி அடித்தது. அம்மாவைப் பார்த்தேன். தலையசைத்தாள். ஒலியைக் கூட்டி வைத்தேன்.

“ஏம்மா, நீதான ஆளுங்களக் கூட்டியார பொண்ணு? நாத்தெல்லாம் பறிச்சுப் போட்டாச்சு, வெயிலு ஏறுது. எங்க இருக்கீங்க?”

“தொறையிலதாங்க இருக்கோம். ஐயா, இவுங்க நடவு ஆளுங்க இல்லீங்க. கம்ப்யூட்டர் ஆளுங்க. ஆத்துல படகு வுட வந்துருக்காங்க.”

உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரலில் கேட்டார்:

“எதுக்கு?”

“சும்மாங்க,” என்றேன். மூன்று நாளில் நான் கொடுத்த முதல் நேர்மையான பதில்.

அதற்குள் அம்மா கைபேசியை வாங்கிவிட்டாள். “நான் அஞ்சல பேசுறேங்க... ஆமாங்க, தொறையிலதான் நிக்கிறேன்... பதினோரு பேரும்தாங்க. வேல இல்லன்னீங்க, அதான் வேற எங்கயாச்சும் கெடைக்குமான்னு கெளம்புனோம்... வரலாங்க. ஏன் வராம? கூலிய போன வருசமே ஏத்தித் தாரேன்னு சொன்னீங்க, மறந்துருப்பீங்க... நாத்து காயுதுங்களா? ஐயய்யோ... வர்ற வருசமும் எட்டு மாவும் எங்க செட்டுக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, இந்தப் போனுல நல்லாக் கேக்குது... பதினோரு மணிக்கு வெறும் டீத்தண்ணி வேணாங்க, வடையோட...”

கோவிந்தராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னார். வர்ற வருசமும் என்பதை இரண்டு முறை சொல்ல வைத்தாள். பதினோரு பெண்களும், அன்பழகன் அண்ணனும், கொள்ளிடமும் கேட்டது.

ஸ்ரீவித்யா மேடம் என் காதருகே குனிந்து, என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது என்றேன். “நல்லா பேசுறாங்களே, யாரு அவங்க?” என்றார்.

“எங்க அம்மா.”

“நம்ம டீம்லயே இவ்ளோ நல்லாப் பேசுறவங்க இல்லையே” என்று ரோஷன் சொன்னான். எங்கள் குழுவின் பேரங்களைப் பேசுவது ஸ்ரீவித்யா மேடம். அவர் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

முதல் நடை பெண்களுக்கு. அன்பழகன் அண்ணன் என்னைக் கேட்கவே இல்லை. நெல் அளக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் அக்கரையில் இறங்கிக் கோவிந்தராஜின் வயலுக்குக் கரையோடு நடந்தார்கள். படகு திரும்பி வந்ததும் நாங்கள் கிளம்பினோம்.

ஆறு என் மானத்தைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் மேகம் மூடியிருந்தது. நாணல் பூத்திருந்தது. நீர்க்காகம் ஒன்று எங்களுக்கு வழி காட்டுவதுபோல முழுகி முழுகி முன்னால் எழுந்தது. ரோஷன் இரண்டு முறை விழுந்தான், இரண்டு முறையும் எழுந்து நின்றான், தண்ணீர் அவன் மார்புக்குக் கீழேயே இருந்தது. இலந்தை மரத்துக்கு நேரே படகு மாறும்போது மாமனும் மச்சானும் ஒருவருக்கொருவர் எதிர்த் திசையில் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி ஒன்பது பேரை இங்கிருந்து அங்கே மாற்றிவிட்டார்கள். ஒரு வருடத்துப் பழக்கம் அந்தக் கைகளில் தெரிந்தது.

குமார் மட்டும் என்னைக் கண்டதும் சடைத்துக்கொண்டார். “படகு வுட வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏன் அந்த ஆளுகிட்ட வாயத் தொறக்குறேன்? எனக்கு இன்னைக்கி எவ்வளவு ஏச்சு தெரியுமா தங்கச்சி?”

மன்னிப்புக் கேட்டேன். எழுத்துப்பூர்வமாகக் கேட்காத குறை.

கீழ்த்துறையை நெருங்கும்போது தென்கரையில் வயல் தெரிந்தது. பதினோரு பேர் ஒரே வரிசையில் குனிந்து, பின்னால் நகர நகர, முன்னால் பச்சை முளைத்துக்கொண்டே போனது. ஸ்ரீவித்யா மேடம் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். “நாமும் இறங்கிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். பன்னிரண்டு பேருக்கும் அந்த நொடியில் கயாக் மறந்துவிட்டது. குமார் அக்கரையில் படகை ஒட்டினார்.

வரப்பில் நாற்று முடிகள் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தன. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோவிந்தராஜ் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கரையேறுவதை அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டில் நிறுத்தினார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் நிமிரவில்லை. “பத்து நிமிசம். ஓரமா. மூணு வெரலால புடிச்சு வைக்கச் சொல்லு, குத்தச் சொல்லாத.”

செருப்பையும் கைபேசியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு பேரும் சேற்றில் இறங்கினார்கள். கூச்சல். ரோஷன் முழங்கால் வரை புதைந்து, ஒரு காலை எடுக்க இன்னொன்றைப் புதைத்தான். ஸ்ரீவித்யா மேடம் ஒவ்வொரு நாற்றையும் நட்டுவிட்டு நிமிர்ந்து நின்று பார்த்தார். அவர்களுக்குப் பின்னாலேயே வந்த செல்வி அக்கா, நட்டதைப் பிடுங்கி மறுபடி நட்டுக்கொண்டு வந்தார்.

“இந்தப் பொண்ணு மொளகாக் கன்னு வைக்கிற மாதிரில்ல வைக்குது,” என்றார் என்னைப் பார்த்து. அதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மிக நன்றாக நடுகிறீர்கள் என்று மொழிபெயர்த்தேன்.

கோவிந்தராஜ் வாயைத் திறந்தது அப்போதுதான். “இவுங்கள நம்பி,” என்றார் ஆற்றிடம், “எட்டு மாவுக்கு நாத்துப் பறிச்சேன்.”

ஸ்ரீவித்யா மேடம் சேற்றுக் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். ஊர்க்காரி நான் ஏன் மேலே நிற்கிறேன் என்று கேட்டார். ஒரு செருப்புக் குவியலைக் கீழே வைத்துவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மடித்தேன். எங்கள் வீட்டில் நடத் தெரியாத முதல் ஆளும் நான்தான். இறங்கினால் ரோஷனைவிட மோசமாக நடுவேன். பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போது அம்மா நிமிர்ந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக முழுசாக நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, பதினோரு பேரும் பன்னிரண்டு பேரும் கேட்கும்படி சொன்னாள்:

“நீ எறங்காத.”

“பத்து நிமிசம்தாம்மா. எல்லாரும்...”

“அவுங்க எறங்குவாங்க. நாளைக்கிக் காலு காஞ்சா மறந்துருவாங்க. நீ எறங்காத.”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். மடித்த பேண்ட்டை இறக்கிவிட்டேன். செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கினேன். கைபேசிகள் ஒன்று மாற்றி ஒன்று அடித்தன.

அந்தக் காலையில் அந்த வயலில் கால் வைக்காமல் வரப்பிலேயே நின்றவர்கள் இரண்டே பேர். வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர். நான் ஒருத்தி.